கம்பெனி கை மாறுகிறதா? ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

வேலை பார்க்கும் மில்லையோ ஷோரூமையோ ஆஸ்பத்திரியையோ வேறொருவர் வாங்கப்போகிறார் என்கிற சேதி, அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் கடைசியாக வந்து சேரும். அதற்குள் பேரம் முடிந்து, முன்பணம் கொடுத்து, புதிய முதலாளியின் ஆட்கள் வந்து மெஷினையெல்லாம் எண்ணிவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் ஒருநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாரும் அப்படியே இருக்கப்போறீங்க, இது சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லி இரண்டு தாளை நீட்டுவார்கள். ஒன்று, பழைய கம்பெனிக்கு நீங்களே எழுதிக் கொடுப்பதுபோல் டைப் அடித்த ராஜினாமா கடிதம். இன்னொன்று, புதிய கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

அந்த முதல் தாளில்தான் எல்லாம் போகிறது. பத்து வருட சர்வீஸ், அதற்கான கிராஜுவிட்டி (பணிக்கொடை), சீனியாரிட்டி, சேர்த்து வைத்த லீவு, ஆட்குறைப்பு வந்தால் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு என்று எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். முதலாளி மாறும்போது சட்டம் தொழிலாளி பக்கம் ஓரளவு தெளிவாகவே நிற்கிறது. ஆனால் தானாக ராஜினாமா செய்ததாகப் பதிவாகிவிட்டவருக்கு அதே சட்டத்தால் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. அதனால் கீழே சொல்வதில் வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும், இந்த ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். உங்கள் சர்வீஸ் அறுபடாமல் தொடர்கிறது என்று எழுத்தில் கைக்கு வரும்வரை ராஜினாமா கிடையாது.

இனி வருவதெல்லாம் இந்தியச் சட்டப்படி.

விற்பது எதை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"கம்பெனியை வித்துட்டாங்க" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல வகை உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் உரிமையும் இருக்கிறது.

பங்குகள் மட்டும் கை மாறினால் கம்பெனி அதே கம்பெனிதான். சட்டப்படி உங்கள் முதலாளி அந்தக் கம்பெனி. அதன் பங்கை யார் வைத்திருக்கிறார் என்பது உங்கள் வேலையைத் தொடாது. பே ஸ்லிப்பில் பெயர் மாறாது, பி.எஃப் கோட் மாறாது. அப்படியிருக்க ராஜினாமா கேட்டால் அதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 அன்று டாடாவுக்குப் போனது இந்த வகைதான். ஒரு வருடத்துக்கு யாரையும் ஆட்குறைப்பு செய்யக் கூடாது, இரண்டாவது வருடத்தில் ஆளைக் குறைப்பதாக இருந்தால் வி.ஆர்.எஸ் (விருப்ப ஓய்வு) தர வேண்டும் என்று அரசு விற்பனை நிபந்தனையிலேயே வைத்தது. இப்படிப்பட்ட பாதுகாப்பெல்லாம் பேரம் நடக்கும்போது வாங்கினால்தான் உண்டு. சாவி கைமாறிய பிறகு வாங்குபவருக்கு எந்த அவசரமும் இருக்காது.

தொழிலையே, அதாவது கட்டடம், மெஷின், ஆர்டர், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து வேறொரு கம்பெனி வாங்குவது இரண்டாவது வகை. இங்கே உங்கள் முதலாளி நிஜமாகவே மாறுகிறார், நீங்கள் விழித்திருக்க வேண்டியதும் இங்கேதான். ஃபோர்டு இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத் சாணந்தில் இருந்த கார் ஆலையை டாடாவின் மின்வாகன நிறுவனம் வாங்கியபோது, அங்கிருந்த தகுதியுள்ள தொழிலாளர்களுக்குப் பழைய நிபந்தனைகளைவிடக் குறையாத நிபந்தனைகளோடு வேலை தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 2023 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. அதே ஃபோர்டின் மறைமலை நகர் ஆலைக்கு அப்படி வாங்குகிறவர் வரவில்லை, 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றுபோனது. அங்கே சட்டப்படி கிடைக்கக்கூடிய நஷ்டஈடு வருடத்துக்குப் 15 நாள் சம்பளம். போராட்டமும் பேச்சுவார்த்தையுமாக மாதக்கணக்கில் போய், கடைசியில் நிறுவனம் அறிவித்த தொகை சர்வீஸில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக 130 நாள் மொத்தச் சம்பளம். தனித்தனியாகப் போய் நின்றிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

மூன்றாவது வகைதான் எல்லோரும் கவனிக்காமல் விடுவது. தொழில் விற்கப்படும், ஆனால் உங்கள் யூனிட் மட்டும் அந்த விற்பனையில் இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்கு நடந்தது இதுதான். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வருமான வரித் தகராறில் முடக்கப்பட்டிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்துவிட்டு, 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு அங்கே வேலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். ஆகவே "யார் வாங்குகிறார்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. "எங்கள் யூனிட், எங்கள் டிபார்ட்மென்ட், என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டும்.

இரண்டு கம்பெனிகள் இணைவது இன்னொரு வகை. இது பெரும்பாலும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியாக, ஒரு இணைப்புத் திட்டம் எழுதித்தான் நடக்கும். அந்தத் திட்டத்தில் ஊழியர்கள் பற்றி வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். கம்பெனியின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள், தேடி எடுத்து அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மில்லை லீஸுக்கு விடுவதும் இதில் சேர்த்திதான். சட்டத்தில் "உரிமையோ நிர்வாகமோ" என்றுதான் இருக்கிறது, அதனால் பத்திரம் பழைய முதலாளி பெயரிலேயே இருந்தாலும் நடத்துகிறவர் மாறினால் கீழே சொல்வது பொருந்தும்.

சட்டம் சொல்கிற மூன்று நிபந்தனைகள்

1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் 25-எஃப்.எஃப் என்று ஒரு பிரிவு உண்டு. பழைய யூனியன்காரர்கள் இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் வருடத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் இதே விஷயம் 73-ஆவது பிரிவு. விஷயம் மாறவில்லை.

கைமாறும் நாளுக்கு முன்னால் ஒரு வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்த தொழிலாளிக்கு, அவரை ஆட்குறைப்பு செய்ததாகவே வைத்துக்கொண்டு நோட்டீஸும் நஷ்டஈடும் தர வேண்டும் என்பதுதான் அடிப்படை. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம். அதோடு சர்வீஸில் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும். கிராஜுவிட்டி தனி, இதில் கழிக்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஒரு வருடத் தொடர் சர்வீஸ் என்று கணக்கு. பத்துப் பேர் இருக்கும் பட்டறை என்றாலும் இது உண்டு, "நாங்க சின்ன யூனிட், எங்களுக்கு அதெல்லாம் வராது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த நஷ்டஈட்டை முதலாளி தவிர்க்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். கைமாற்றத்தால் உங்கள் சர்வீஸ் இடையில் அறுபடக் கூடாது. புதிய இடத்தில் சம்பளமும் மற்ற நிபந்தனைகளும் முன்பைவிடத் துளியும் குறையக் கூடாது. பின்னால் என்றைக்காவது புதிய முதலாளி உங்களை ஆட்குறைப்பு செய்தால், பழைய கம்பெனியில் இருந்த வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நஷ்டஈடு தர அவர் சட்டப்படி கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் முதல் இரண்டை வாயால் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை எழுதிக் கேட்டால்தான் முகம் மாறும், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. அதனால் மூன்றாவதை எழுத்தில் வாங்குவதில்தான் உங்கள் முழு பலத்தையும் காட்ட வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நஷ்டஈடு கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டால், புதிய முதலாளி கட்டாயம் எனக்கு வேலை தர வேண்டும் என்று கேட்க முடியாது. 1962-லேயே அனகாபள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஒன்று தொடர்ச்சியோடு வேலை, இல்லையென்றால் நஷ்டஈடு. இரண்டையும் தராமல் தப்பிக்கத்தான் ராஜினாமா கேட்கிறார்கள்.

தொடர்ச்சி போனால் எவ்வளவு நஷ்டம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய் வாங்குகிற ஒருவர் பழைய கம்பெனியில் நாலு வருடம் இருந்திருக்கிறார். ராஜினாமா கொடுத்துப் புதியவரிடம் புதிதாகச் சேர்கிறார், அங்கேயும் நாலு வருடம் ஓடுகிறது, வேலையை விடுகிறார். நிரந்தரத் தொழிலாளிக்கு கிராஜுவிட்டி வர ஐந்து வருடம் வேண்டும். இரண்டு இடத்திலும் நாலு நாலு வருடம், ஆக ஒரு பைசா கிடையாது. சர்வீஸ் தொடர்ந்திருந்தால் எட்டு வருடம். 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எட்டால் பெருக்கினால் 83,077 ரூபாய். ஒரு கையெழுத்தின் விலை அவ்வளவு, அதுவும் கிராஜுவிட்டியில் மட்டும்.

கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வராத இடங்களில் 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு வாங்க, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதே முதலாளியிடம் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆறாவது மாதத்தில் இருக்கிற பெண்ணிடம் ராஜினாமா வாங்கிப் புதிதாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 80 நாள் முடிவதற்குள் பிரசவம் வந்துவிடலாம், "நீங்க இப்பத்தானே சேர்ந்தீங்க" என்பார்கள். பக்கத்து சீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவராக எச்.ஆரிடம் கேட்கத் தயங்குவார்.

இன்றைக்கே சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்

வதந்தி கிளம்பிய அன்றைக்கே இதைத் தொடங்கிவிடுங்கள். கைமாறிய பிறகு பழைய கம்பெனியின் ஆபீஸில் போன் எடுக்கக்கூட ஆள் இருக்க மாட்டார். பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கன்ஃபர்மேஷன் ஆர்டர், கிடைக்கிற எல்லாப் பே ஸ்லிப்பும், இன்க்ரிமென்ட் கடிதங்கள், ஐ.டி. கார்டின் இரண்டு பக்கமும், லீவு பாக்கி காட்டும் பக்கம், கடைசி போனஸ் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவையுங்கள். கம்பெனி ஈமெயிலில் வைத்திருந்தால் அது கைமாறும் அன்று இரவே மூடிவிடும். சம்பளப் போர்ட்டலும் அப்படித்தான்.

ஆர்டரே கொடுக்காத இடங்கள் நம் ஊரில் ஏராளம், ஜவுளிக்கடை, ஹோட்டல், சின்ன மில் எல்லாம் அப்படித்தான். அங்கே உங்கள் சர்வீஸுக்குச் சாட்சி பி.எஃப் பாஸ்புக்கும் இ.எஸ்.ஐ பதிவும்தான். அரசின் உமாங் ஆப்பில் பாஸ்புக்கை இறக்கி, எந்த மாதத்தில் இருந்து பணம் கட்டியிருக்கிறார்கள், இடையில் எத்தனை மாதம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் இப்போதே பி.எஃப் ஆபீஸில் புகார் எழுதுங்கள். பி.எஃப் பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. ஆனால் வாங்கியவரின் பொறுப்பு அவர் வாங்கிய சொத்தின் மதிப்பு வரைதான், அதனால் தாமதிக்காதீர்கள். இ.எஸ்.ஐ பாக்கிக்கும் இதே மாதிரிதான்.

கடிதம் எழுதுங்கள்

தனியாக எழுதலாம், இருபது பேர் கையெழுத்துப் போட்டு எழுதினால் இன்னும் நல்லது. வக்கீல் பாஷை தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நமது நிறுவனத்தின் உரிமை அல்லது நிர்வாகம் வேறொரு நிறுவனத்துக்கு மாறப்போவதாக அறிகிறேன். நான் இன்ன தேதியிலிருந்து இன்ன பிரிவில் தொடர்ச்சியாக வேலை பார்த்து வருகிறேன். கைமாற்றம் எந்தத் தேதியில் நடக்கிறது, என் பெயர் மாற்றப்படுவோர் பட்டியலில் உள்ளதா, என் பழைய பணிக்காலம் முழுவதும் புதிய நிறுவனத்தில் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளப்படுமா, என் சம்பளம், விடுப்பு, பணிக்கொடை உள்ளிட்ட நிபந்தனைகள் குறையாமல் தொடருமா, பிற்காலத்தில் ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய பணிக்காலத்தையும் சேர்த்துப் புதிய நிறுவனம் நஷ்டஈடு தருமா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் ராஜினாமா செய்யவில்லை."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழைய கம்பெனிக்கு ஒன்று, வாங்குகிறவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஒன்று, லேபர் ஆபீஸருக்கு ஒரு நகல். ஒப்புகை அட்டையோடு தபாலில் போடுங்கள், ஈமெயிலும் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு லேபர் கோர்ட்டில் முதலில் கேட்கப்போவது "நீங்கள் அப்போதே ஏன் கேட்கவில்லை" என்றுதான்.

புதிய ஆர்டர் கைக்கு வந்தால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். "தங்களது முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கருதப்படும்" என்ற பொருளில் ஒரு வரியும், பழைய சேர்ந்த தேதியும் இருக்க வேண்டும். "இன்று முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம்" என்று எழுதியிருந்தாலோ, "முந்தைய நிறுவனம் தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி நுழைத்திருந்தாலோ, அது தொடர்ச்சி இல்லை, புது வேலை. சம்பளத் தொகை அதேதான் இருக்கும், ஆனால் பேஸிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டியிருப்பார்கள். பி.எஃப்பும் கிராஜுவிட்டியும் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். புதிய சட்டத் தொகுப்புகளின்படி விலக்கப்படும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே எடுக்க வேண்டும்.

கட்டாயப்படுத்தினால் என்ன செய்வது? வேறு வழியே இல்லாமல் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் கையால் தேதி போட்டு, "என் பணித்தொடர்ச்சி உரிமையை விட்டுக்கொடுக்காமல் கையெழுத்திடுகிறேன்" என்று எழுதுங்கள். அதற்கும் விடவில்லையா, அன்று மாலையே "இன்று என்னிடம் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டது, அந்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஈமெயில் அனுப்பிவிடுங்கள். ராஜினாமாவை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் திரும்பப் பெறலாம். ஒரு வாரம் கழித்து எழுதுவதைவிட அன்றைக்கே எழுதியதற்கு மதிப்பு பல மடங்கு.

யூனியன் இருந்தால் 12(3) கேளுங்கள்

லேபர் ஆபீஸர் முன்னிலையில் சமரசத்தில் போடுகிற ஒப்பந்தத்தைத்தான் நம் பக்கத்தில் 12(3) என்பார்கள். புதிய தொகுப்பில் எண் மாறினாலும் இந்தப் பெயர் போகாது என்றே நினைக்கிறேன். இதன் அருமை என்னவென்றால், இப்படிப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்திட்ட முதலாளியை மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் அந்த நிறுவனத்துக்கு வருகிறவரையும் கட்டுப்படுத்தும். யூனியனில் சேராத தொழிலாளிக்கும் பொருந்தும். ஏற்கெனவே உங்கள் கம்பெனியில் நடப்பில் ஒரு சம்பள ஒப்பந்தம் இப்படிப் போடப்பட்டிருந்தால், புதிய முதலாளி "அது பழைய மேனேஜ்மென்ட் போட்டது" என்று தட்டிக்கழிக்க முடியாது. கைமாற்றத்துக்கென்றே ஒரு ஒப்பந்தம், விற்பவர், வாங்குபவர், யூனியன் மூவரும் சேர்ந்து போட முடிந்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு வேறு கிடையாது.

யூனியன் இல்லையா, சரி, நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து எல்லோர் சார்பாகவும் பேசச் சொல்லுங்கள். லேபர் ஆபீஸில் மனு கொடுக்கலாம், தகராறாக எழுப்பலாம். கைமாறுவதற்கு முன்னால் எழுப்புவது நல்லது. சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தப்பட்ட பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற முதலாளிக்கு அனுமதி இல்லை. சம்பள அமைப்பு, வேலை நேரம், ஷிஃப்ட் போன்றவற்றை மாற்ற 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, புதிய முதலாளிக்கும் அதே விதிதான். வேலையை விட்டே நிறுத்திவிட்டால், சமரசத்தில் 45 நாள் போனதும் தொழிலாளி தானே நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அப்படிப் போகப் பழைய சட்டத்தில் இருந்த மூன்று வருட அவகாசத்தைப் புதியது இரண்டாகக் குறைத்துவிட்டது, எனவே "பிறகு பார்க்கலாம்" என்று போட்டுவைக்காதீர்கள்.

புதிய முதலாளியிடம் போக விருப்பமில்லை என்றால்

இப்படிக் கேட்பவர்களும் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. ஃபிலிப்ஸ் நிறுவனம் கொல்கத்தா சால்ட் லேக்கில் இருந்த தன் ஆலையை வீடியோகான் குழுமத்து நிறுவனம் ஒன்றுக்கு மாற்றியபோது எழுந்த வழக்கில், சம்மதம் இல்லாமல் ஒரு தொழிலாளியை வேறு முதலாளியிடம் வேலை பார்க்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு மறுநாளே "வர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் முதலாளி நிறைவேற்றியிருந்தால், நஷ்டஈடு தரத் தேவையில்லை என்று அவர் வாதாட இடமிருக்கிறது. மறுப்பதற்கு முன் தொழிலாளர் வழக்குப் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

மேனேஜர், ஐ.டி., காண்ட்ராக்ட்

73-ஆவது பிரிவு "தொழிலாளி" என்கிற வரையறைக்குள் வருபவர்களுக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் அதில் வர மாட்டார்கள். ஆனால் பதவியின் பெயரை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம். சீனியர் எக்ஸிகியூட்டிவ் என்று கார்டில் போட்டுவிட்டு நாள் முழுக்க கோட் எழுதுகிறவர் தொழிலாளியாக இருக்க முடியும், செய்கிற வேலைதான் கணக்கு. வரையறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கிராஜுவிட்டி, பி.எஃப் உரிமைகள் உண்டு. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தொழில் தகராறு சட்டத்தில் தொழிலாளி இல்லை என்றாலும் அவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்திருக்கிறது. கல்லூரி டிரஸ்ட் கை மாறும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஐ.டி.யில் ரீபேட்ஜ் என்று ஒரு டீமையே கொத்தாக இன்னொரு கம்பெனிக்கு மாற்றுவார்கள். அங்கே பார்க்க வேண்டியவை வேறு. நோட்டீஸ் பீரியட் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிறதா, பாண்ட் கேட்கிறார்களா, இந்த வருடத்து வேரியபிள் பே யார் தருகிறார்கள், குரூப் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா தொடர்கிறார்களா. டயாலிசிஸில் இருக்கிற அப்பாவுக்கு ஒரு மாதம் கவரேஜ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, பாலிசி தொடங்கும் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் நிலை இதில் மிகவும் மோசம். கம்பெனி கை மாறும்போது காண்ட்ராக்டரையும் மாற்றிவிடுவார்கள். பழைய காண்ட்ராக்டர் சம்பளப் பாக்கி வைத்துவிட்டுப் போனால் அதைத் தரும் பொறுப்பு வேலை வாங்கிய கம்பெனிக்கு உண்டு. அது கைமாறுவதற்கு முன்னாலேயே லேபர் ஆபீஸில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கம்பெனி திவாலாகிக் கை மாறினால்

இதற்கு வழி வேறு. திவால் நடவடிக்கை தொடங்கியதும் ஒரு தீர்வு அலுவலரை நியமிப்பார்கள், அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, யாருக்கெல்லாம் பாக்கி இருக்கிறது என்று கேட்பார். கடைசித் தேதி மிகக் கிட்டத்தில் இருக்கும், பொதுவாக அவர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள். தொழிலாளிகளும் ஊழியர்களும் டி படிவத்தில் கோரிக்கை போட வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி போடுவதாக இருந்தால் இ படிவம். சம்பளப் பாக்கி, லீவு, கிராஜுவிட்டி, பி.எஃப் என்று எல்லாவற்றையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள். தேதி தாண்டிவிட்டது என்றாலும் சும்மா இருக்காமல் காரணம் எழுதி உடனே அனுப்புங்கள். கோரிக்கை போடாதவரின் பாக்கியை வாங்குகிறவர் ஏற்க மாட்டார்.

கம்பெனியை யாரும் வாங்காமல் கலைத்துவிட்டால், அதற்கு முந்தைய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்த பேங்குகளுக்குச் சமமான வரிசையில் வரும். தொழிலாளி வரையறைக்கு வெளியே உள்ள ஊழியர்களுக்கு 12 மாதம், அதுவும் அடுத்த வரிசையில். பி.எஃப், கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணம் கடன்காரர்கள் கைக்குப் போகக் கூடாது. ஜெட் ஏர்வேஸ் வழக்கில், வாங்க முன்வந்தவர்கள் பி.எஃப், கிராஜுவிட்டி பாக்கியை முழுதாகத் தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கைமாற்றமே நடந்து முடியாமல், 2024 நவம்பரில் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. ஆகவே திவாலில் உத்தரவு வாங்குவது பாதி வேலைதான். கம்பெனி சம்பளம் தர இழுக்கிற காலத்திலேயே ஒவ்வொரு மாதப் பாக்கியையும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கைமாறிய பிறகு முதல் மூன்று மாதம்

புதிய கம்பெனியின் முதல் பே ஸ்லிப்பில் சேர்ந்த தேதி, பேஸிக், லீவு பாக்கி மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பி.எஃப்பில் புதிய கோட் வந்தால் உங்கள் யு.ஏ.என் (எந்த முதலாளியிடம் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப் எண்) அதேதான், அதன் கீழ் இன்னொரு உறுப்பினர் எண் வரும். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றச் சொல்லி ஆன்லைனில் போடுங்கள். தயவுசெய்து பழைய பணத்தை எடுக்காதீர்கள். பி.எஃப் பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும், எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் போய்விடும். இ.எஸ்.ஐ எண்ணும் பழையதே தொடர வேண்டும், புது எண் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

நஷ்டஈடு வாங்கிக்கொண்டு வெளியே வருபவர்களுக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும், கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் தர வேண்டும், தாண்டினால் வட்டி. தராவிட்டால் கிராஜுவிட்டிக்கென்று லேபர் ஆபீஸில் தனி அதிகாரி இருக்கிறார், அவரிடம் மனு போட வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

வக்கீல் வேண்டும், பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தாருக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100.